நஞ்சப்பனின் ஆட்காட்டி விரல்

குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த லேப் உதவியாளர் ரம்லா, "உள்ள ஒண்ணுமே இல்லீங்களே மேடம்" என்றாள்.

"இருக்குது, கண்ணுக்குத் தெரியாது" என்றார் டாக்டர் பத்மாவதி. "மூடியில ஒட்டியிருக்கும். முதல்ல சென்ட்ரிபியூஜ்ல சுத்தி அடியில இறக்கிட்டுத்தான் திறக்கோணும். தண்ணிய ஓரமா விடுங்க. குலுக்காதீங்க, நுரை வந்தா புரதம் கெட்டுப்போகும். சின்னச் சின்ன டியூபா பிரிச்சு பிரீசர்ல வைங்க. ஒருக்கா உருகினதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. மிச்சத்தைக் கொட்டிடுங்க."

பீளமேட்டில் ஒரு மில் குடும்பத்தின் அறக்கட்டளை நடத்திய ஆராய்ச்சிக்கூடம் அது. 1997-ஆம் வருஷம். நரம்புகளை வளரச் செய்யும் மனிதப் புரதம் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தார்கள். மனித ஜீனை வெள்ளெலியின் செல்லுக்குள் புகுத்தி, அந்தச் செல்களைக் கொண்டே தயாரித்த புரதம். ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்குச் செலுத்தக் கூடாது என்று குப்பியின் மேல் அச்சிட்டிருந்தது.

அந்தப் புரதத்தைச் சோதித்துப் பார்க்கும் வேலையை நஞ்சப்பனிடம் ஒப்படைத்தார் பத்மாவதி. நஞ்சப்பனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளகோவில் பக்கம் தோட்டம் வைத்து விவசாயம் பார்க்கும் குடும்பம். கல்லூரியில் படித்த காலத்தில், லீவுக்குப் போனபோது கிணற்று மோட்டார் பெல்ட்டில் இடது கை சிக்கியது. தையல் போட்டு ஆட்காட்டி விரலைக் காப்பாற்றினார்கள். விரல் மடங்கும், நீளும். ஆனால் சுட்டாலும் வெட்டினாலும் தெரியாது. அடுப்பில் பால் இறக்கும்போது அந்த விரல் வெந்து நாற்றம் வந்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது என்று அவன் மனைவி பிரவீனா சொல்லி வருத்தப்படுவாள்.

பல்லடத்துக் கோழிப்பண்ணையிலிருந்து முட்டைகள் வரும். கருவிலிருக்கும் குஞ்சின் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளை எடுத்துத் தட்டில் வைத்து, அந்தப் புரதத்தை ஒரு சொட்டு விடுவான் நஞ்சப்பன். மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் முடிச்சைச் சுற்றி ரோமம் ரோமமாக இழைகள் கிளம்பியிருக்கும். புரதம் விடாத தட்டில் முடிச்சு சுருண்டு செத்துக் கிடக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது அவன் கண்ணை எடுக்கவேயில்லை. இடது கை விரலைத் தன்னையறியாமல் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

ஒரு நாள் ரம்லா சாப்பிடப் போயிருந்தாள். உருகிய டியூபில் பாதி மிச்சமிருந்தது. கொட்ட வேண்டியதுதான். நஞ்சப்பன் அதை இன்சுலின் சிரிஞ்சில் உறிஞ்சி, செத்த விரலின் அடியில் ஏற்றிக்கொண்டான். ஊசி இறங்கியதுகூடத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே கை வீங்கியது. சட்டைத் துணி உரசினால்கூட முழங்கை வரை நெருப்பாக எரிந்தது. குளவி கொட்டிப்போட்டது என்று பிரவீனாவிடம் சொல்லிவைத்தான். அவள் மஞ்சளை அரைத்துப் பூசினாள். வாரக்கடைசியில் வீக்கம் வடிந்தது. அதற்குப் பிறகுதான் விரலுக்கு உணர்ச்சி வந்தது.

காபி டம்ளரைப் பிடித்திருந்தான். விரலில் ஏதோ பட்டது. சந்தோஷத்தில் வாய்விட்டுக் கூப்பிடப் போனவன் அப்படியே நின்றான். டம்ளர் சுடவில்லை. ஈரமான கம்பளித் துணியைத் தொடுவதுபோல இருந்தது. டம்ளரைக் கீழே வைத்தான். கம்பளி போகவில்லை. யாரோ அதைப் பிழிந்துகொண்டிருந்தார்கள்.

சிங்காநல்லூர் வீட்டிலிருந்து லேபுக்கு பஸ்ஸில் போகும்போது, கையை மடியில் வெறுமனே வைத்திருந்தாலும் விரல் எதையாவது தொட்டது. பிசைந்த மாவு. நாயோ ஆடோ, ஏதோ ஒன்றின் அடர்ந்த ரோமம். ஒருநாள் விரலை நறுக்கென்று குளிர் கடித்தது. கோயமுத்தூர் மார்கழியில்கூட அப்படிக் குளிராது. லேப்பில் ஐஸ் வாளிக்குள் வலது கையை விட்டுப் பார்த்தான். அதே குளிர்தான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பிரவீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் குனிந்து அவன் விரலைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அது யாரோட உடம்புல இருந்து எடுத்ததுங்க?"

பத்மாவதியிடமும் ஒப்புக்கொண்டான். அவர் முகம் சிவந்துவிட்டது.

"கோழிக்குஞ்சு நரம்பும் உங்க கையும் ஒண்ணா நஞ்சப்பன்? படிச்சவர்தானே நீங்க? போட்டதெல்லாம் எப்பவோ கரைஞ்சுபோயிருக்கும். இப்ப உங்க விரல்ல ஒண்ணும் கிடையாது."

"யாரோட ஜீனுங்க மேடம் அது?"

"யாரோடதும் இல்ல. எத்தனையோ தடவை நகல் எடுத்தாச்சு. மொத மொதல்ல யாராவது ஒருத்தர்கிட்ட இருந்து எடுத்திருப்பாங்க. அவர் பேரு யாருக்கும் தெரியாது. எடுத்தது அவருக்கே தெரியாம இருக்கும்."

அவரே நரம்பு டாக்டரிடம் அனுப்பிவைத்தார். டாக்டர் ஊசியால் குத்தினார், பஞ்சால் தடவினார், மின்சாரம் வைத்துப் பார்த்தார். விரலில் உணர்ச்சி துளியும் இல்லை, பழைய காயம், இனித் திரும்பாது என்றார். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, விரல் நுனி ஒரு கரடுமுரடான மரக் கட்டையை வருடிக்கொண்டிருந்தது. நஞ்சப்பன் தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்தான்.

திரும்பும்போது பஸ்ஸின் முன்சீட்டுக் கம்பியில் அந்த விரலால் மூன்று தடவை தட்டினான். ஏன் தட்டினான் என்று அவனுக்கே தெரியாது. வருடிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றது. பிறகு விரல் நுனியில், உள்ளேயிருந்து தட்டுவதுபோல, மெதுவாக மூன்று தட்டு.

நஞ்சப்பன் வழியிலேயே இறங்கிக்கொண்டான். வீடு வரைக்கும் கையைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு நடந்தான். அதற்குப் பிறகு அவன் தட்டவில்லை. அந்தப் பக்கம் மட்டும் அடிக்கடி தட்டியது. சாப்பிடும்போது தட்டியது. பேசிக்கொண்டிருக்கும்போது தட்டியது. பதில் இல்லாமல் சற்றுக் காத்திருந்துவிட்டு மறுபடி தட்டியது.

மழைக்காலம் தொடங்கிய சமயம், தட்டுவது நின்றது. அப்புறம் விரல் தொட்டதெல்லாம் ஒரே பொருள்தான்: துணி. சலவை செய்த வழவழப்பான படுக்கை விரிப்பு. அதை விரல் சுரண்டியது, இழுத்தது, மடித்தது, மறுபடி சுரண்டியது. நஞ்சப்பனின் அப்பா கடைசிக் காலத்தில் போர்வையை அப்படித்தான் நோண்டிக்கொண்டு கிடந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

"பிரவீனா, பக்கத்துல யாருமே இல்ல அம்மணி" என்றான். "காலையில இருந்து துணி மட்டுந்தான். ஒருத்தரும் வந்து தொடல."

பிரவீனா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த விரலைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டாள்.

"தெரியுதுங்களா?"

"எனக்குத் தெரியல." அவன் கண்ணை மூடினான். "ஆனா, துணியை நோண்டறது நின்னுபோச்சு."

அவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. திடீரென்று பிரவீனாவின் தோள் விறைத்தது.

"ஏனுங்க, நீங்களா அமுக்கறீங்க?"

"இல்லியே."

அவன் விரல் அவளுடைய பெருவிரலைச் சுற்றி மடங்கியிருந்தது. கைக்குழந்தை பிடிப்பதுபோல இறுக்கமாக, நடுக்கத்தோடு. நஞ்சப்பன் நிமிர்த்தப் பார்த்தான், முடியவில்லை. பிரவீனாவின் உதடு வெளுத்துவிட்டது. ஆனால் அவள் கையை உருவவில்லை. இன்னொரு கையையும் மேலே வைத்தாள். குனிந்து, அவனிடம் பேசாமல், விரலிடம் பேசினாள்.

"இருக்கறனுங்க. எங்கயும் போகலீங்க. நீங்க பயப்படாதீங்க."

கேட்டிருக்குமோ என்னவோ. தூறல் விட்டு வெயில் எட்டிப்பார்க்கும் வரை பிடி தளரவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்ந்தது. விரல் தானே நிமிர்ந்து அவள் கையில் கிடந்தது.

"என்ன தெரியுதுங்க?"

நஞ்சப்பன் காத்துப் பார்த்தான். துணி இல்லை. குளிர் இல்லை. ஒன்றும் இல்லை.

பிரவீனா எழுந்து போனாள். பின்பக்கம் குழாய்த் தண்ணீர் வாளியில் விழும் சத்தம் கேட்டது. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து, அவனுக்கும் ஒரு துண்டை நீட்டினாள்.

"எழவு கேட்டா தலைக்கு ஊத்தோணுமுங்க. போய் ஊத்திட்டு வாங்க."

"யாருன்னே தெரியாதே பிரவீனா."

"தெரியாட்டி என்னங்க, இத்தன நாளா நம்ம ஊட்டுல இருந்தவங்கதானே."

அவன் துண்டை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனான். வாளியில் முதலில் இடது கையைத்தான் விட்டான். தண்ணீர் நல்ல குளிர்ச்சி என்று மற்ற விரல்களெல்லாம் சொல்லின.