சுவருக்கு அந்தப் பக்கத்துச் சேவல்

சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்த இடம் இருந்தது. கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தால் அந்த ஓட்டை சரியாகக் கண்ணுக்கு நேரே வரும். புரூஃப் ரீடர் அப்படித்தான் உட்கார்ந்து மச்சினன் வீட்டுக் குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தார். பத்தொன்பது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். அப்போதும் பத்தொன்பதுதான். இருபது முட்டை வைத்ததில் பத்தொன்பது. குறைந்த அந்த ஒன்றும் மச்சினனிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த அம்மாள் தெரியாமல் மிதித்து உடைத்ததாம். அவர் வயிற்றுக்குள் யாரோ சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து நிதானமாகத் தேய்ப்பது போலிருந்தது.

முப்பத்தாறு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். கல்யாணப் பத்திரிகையில் ஒரு எழுத்துக்குக் கால் விட்டுப்போயிருந்தால், மாப்பிள்ளைக்கே கால் இல்லாதது போலத் துடித்துப்போவார். ஓய்வு பெற்ற மறுநாளே அந்தக் கண்ணைக் கோழிகள் பக்கம் திருப்பினார். செம்பு நிறம், வலது இறக்கை நுனியில் ஒற்றை வெள்ளை இறகு. இதுதான் அவருடைய வம்சம். வெள்ளை இறகு இல்லாத குஞ்சு பிழைக்குஞ்சு. அதை மனைவியிடம் நீட்டி, யாரிடமாவது தள்ளிவிடச் சொல்வார். வெளிக்கோழி எதுவும் உள்ளே வராது. இங்கிருந்து ஒரு முட்டைகூட மச்சினன் வீட்டுக்குப் போகாது. அது கடுமையான உத்தரவு.

எட்டுத் தலைமுறை இப்படி ஓடிற்று. தகப்பனுக்கு மகள், மகனுக்குத் தாய், பேரனுக்குப் பாட்டி என்று நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு இணைத்துக்கொண்டே போனார். கூண்டில் யார் யாருக்கு என்ன முறை என்று கேட்டால் எந்தக் கல்யாணத் தரகரும் மயங்கி விழுந்துவிடுவார். ஒரு கோழி தன் தங்கைக்கே சித்தியாகவும், தனக்குத் தானே அத்தையாகவும் இருந்தது. அழகுக்கு மட்டும் குறைச்சலில்லை; ஐந்து பெட்டைகளும் வெயிலில் வந்து நின்றால் ஐந்து செம்புக் குடம் நிற்பது போலிருக்கும். ஆனால் முட்டை பொரிவது வருடத்துக்கு வருடம் குறைந்தது. பன்னிரண்டில் எட்டு, ஆறு, நான்கு. வந்தவற்றிலும் ஒன்றிரண்டுக்கு அலகு கத்தரிபோல் மாறிக் கிடக்கும். போன மாதம் கூண்டின் ஒரே சேவலும் செத்துப்போனது. இனி ஒரு சேவல் வராவிட்டால் நோட்டுப் புத்தகத்தை மூடிவைக்க வேண்டியதுதான்.

சுவருக்கு அந்தப் பக்கமோ ஒரே சந்தைக்கடை. மச்சினன் தையல்காரன். கோழியையும் ஒட்டுத்துணி சேர்ப்பது போலத்தான் சேர்த்தான். புள்ளி, கறுப்பு, சாம்பல், எங்கிருந்தோ வந்த குட்டைக்கால். போதாததற்கு, பாதி உரித்தது போல ஒரு மொட்டைக்கழுத்துச் சேவல். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ராஜாமாதிரி ஒரு சிவப்புச் சேவல் உலாவிற்று. அது நெஞ்சை நிமிர்த்தி ஒரு தரம் கூவினால் நாலு தெரு தாண்டிப் பால்காரர் எழுந்துவிடுவார் என்று தெருவே சொன்னது. அது கூவும்போதெல்லாம் புரூஃப் ரீடருக்குக் காபி கசந்தது. ஒரு பிழை கண்டுபிடிக்க ஆறு மாதம் ஓட்டை வழியாகப் பார்த்தார். இறக்கையில் வெள்ளை இல்லை என்பதைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

மூன்று நாள் சாப்பாடு இறங்காமல் கிடந்துவிட்டு, நாலாம் நாள் சட்டை மாற்றிக்கொண்டு தையல் கடைக்குப் போனார். பக்கத்து வாசல்தான்; அதற்குள் ஏழு தடவை திரும்பிவிடப் பார்த்தார். சிவப்புச் சேவலைக் கேட்டார். அடுத்தடுத்த வீட்டில் இருந்த இருபத்திரண்டு வருடத்தில் மச்சினனிடம் அவர் ஒன்று கேட்டது அதுவே முதல் தடவை.

மெஷினை நிறுத்தாமலே தையல்காரன் சொன்னான். "அந்தச் சிவப்பு வேணாம் அத்தான். மொட்டைக்கழுத்தைக் கொண்டு போங்க."

"ஏன், நல்லது என் வீட்டுக்கு வந்துடக் கூடாதா?"

"அதுக்கில்ல அத்தான்." அவன் ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் குனிந்துகொண்டான். "உங்களுக்கு அது சரிப்படாது."

பொறாமைக்காரனுக்கு எல்லாருமே பொறாமைக்காரர்கள். இவன் வயிற்றெரிச்சலைப் பார் என்று புரூஃப் ரீடருக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவிற்று. மொட்டைக்கழுத்தைத் தன் கூண்டில் விடுவதைவிடத் தானே போய் உட்கார்ந்து கூவலாம் என்று சொல்லிவிட்டு, சிவப்பைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். முதலமைச்சரை வீட்டுக்கு அழைத்து வருபவர்கூட அப்படி நடந்திருக்க மாட்டார். அவர் மனைவி வாசலில் நின்று சேவலைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்து, அடுப்பில் பால் பொங்குவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள். அடுப்பில் பாலே இல்லை.

பன்னிரண்டு முட்டை வைத்தார். அடைக்கோழிக்கு முன்னால் யாரும் தும்மக் கூடாது என்று சட்டம் போட்டார். இருபத்தோராம் நாள் மூன்று பொரிந்தன. மறுநாள் ஒன்று. மீதி எட்டும் அசையவே இல்லை. நான்கில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அலகு கத்தரிபோல் மாறிக் கிடந்தது.

"இவன் எதையோ போட்டுக் கெடுத்துட்டுத்தான் கொடுத்திருக்கான்" என்று அவர் சுவரைப் பார்த்துக் கத்தப் போனபோது மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க. அந்தச் சிவப்புச் சேவல் நம்ம வீட்டுக் குஞ்சுதாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி வெள்ளை இல்லைன்னு என் கையில குடுத்தீங்களே, அதுதான். சுவத்துக்கு அந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு சொன்னீங்க. வேற யாருகிட்ட குடுக்கிறது? அவன்கிட்டதான் குடுத்தேன். சொல்லாதடான்னு அவன்கிட்ட நான்தான் சத்தியம் வாங்கினேன்."

அவர் வாளியின் மேல் உட்கார்ந்தார். ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கண் தெரிந்தது. தையல்காரனும் அங்கே ஒரு வாளி போட்டிருந்தான் போலிருக்கிறது.

"என்கிட்ட இருக்கிற கோழிங்க எல்லாம் ஒவ்வொரு ஊர்லேர்ந்து வந்தது அத்தான்" என்றது சுவர். "அதான் பொரிச்சுது. உங்க வீட்ல இருக்கிறதெல்லாம் அந்தச் சிவப்புக்கு அக்கா, சித்தி, அத்தை."

புரூஃப் ரீடர் கூண்டுப் பக்கம் திரும்பினார். கூண்டுக்குள் சிவப்புச் சேவல் நெஞ்சை நிமிர்த்தி நின்றது. எவ்வளவு அழகு. ஆறு மாதமாகத் தன் சரக்கைப் பார்த்துத்தான் வெந்துபோயிருக்கிறோம் என்று நினைத்தபோது முதலில் ஒரு கர்வம் வந்தது; என் சேவல், என் சேவல் என்று தெருவெல்லாம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அடுத்த நொடியே, தான் வேண்டாமென்று தள்ளியதை இவன் ஒரு பார்வையிலேயே நல்லதென்று கண்டு வைத்துக்கொண்டானே என்று இஸ்திரிப் பெட்டி பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. இந்தத் தடவை இன்னும் சூடாக.

சாயங்காலம் சிவப்புச் சேவலைச் சுவர்மேல் தூக்கி வைத்தார். அந்தப் பக்கமிருந்து இரண்டு கைகள் வாங்கிக்கொண்டன. பிறகு நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து ஒன்பதாம் தலைமுறை என்று எழுதி, தாய் என்ற இடத்தில் ஐந்து பெட்டைகளின் எண்களையும் வரிசையாகப் போட்டார். தகப்பன் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

மறுநாள் காலை மொட்டைக்கழுத்து சுவர்மேல் ஏறி நின்றது. வெயில் பட்டு அதன் கழுத்து ரத்தச் சிவப்பாக, கோணல்மாணலாக, பார்க்கவே சகிக்காமல் இருந்தது. கூண்டுக்குள் ஐந்து செம்புக் குடங்களும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. புரூஃப் ரீடர் எழுந்து போய்க் கம்பிக்கதவின் கொக்கியைக் கழற்றினார். திரும்பி வந்து, சுவருக்கு முதுகைக் காட்டி வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டு, நேற்றைய செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்து, அதில் வெகு மும்முரமாகப் பிழை தேட ஆரம்பித்தார்.