அறிவிப்பில்லாத சோக இசை

ஐம்பதுகளில், கம்யூனிஸ்ட் ஆட்சியில், ப்ளோவ்திவ் நகர வானொலியில் என்ன தப்பு வேண்டுமானாலும் செய்துவிட்டுப் பிழைத்துக்கொள்ளலாம், ஒலிபரப்பை ஊமையாக விட்டால் மட்டும் தொலைந்தது. வீட்டுக்கு வீடு, பட்டறைக்குப் பட்டறை சுவரில் ஒரு பெட்டி. சத்தத்தைக் கூட்டக் குறைக்க ஒரு திருகு உண்டு, வேறு நிலையம் தேட வழி கிடையாது. அது திடீரென்று வாயடைத்துப்போனால் எதிரி உள்ளே புகுந்துவிட்டான் என்று அர்த்தமாம். மேலிடத்து மூளைக்கு அப்படித்தான் தோன்றியது, என்ன செய்ய!

அதனால்தான் அன்று காலை கூட்டுப்பண்ணைப் பாடகர் குழுவின் ஒலிநாடா பாதியில் அறுந்தபோது நெவெனாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இசைப் பிரிவில் அவள் ஒருத்திதான் பணியில் இருந்தாள். கைக்கு எட்டிய நாடாவை எடுத்து மாட்டினாள். செல்லோ. ஒற்றை வாத்தியம், இழுத்து இழுத்து அழுகிற இசை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அறிவிப்பாளரைப் பார்த்து, ஏதாவது சொல்லேன் என்று சைகை காட்டினாள். அவர் கையை விரித்தார். தணிக்கை முத்திரை விழாத தாளிலிருந்து ஒரு வார்த்தைகூட அவர் வாயிலிருந்து வரக் கூடாது. 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்பதற்கும் முத்திரை வேண்டும்.

ஊருக்கு அது போதாதா? பெரிய தலை சாய்ந்தால் தலைநகர் சோஃபியாவிலிருந்து உத்தரவு வரும்வரை வானொலி வாயைத் திறக்காது, அறிவிப்பில்லாமல் சோக இசைதான் ஓடும். சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். ரொட்டி வரிசையில் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அழவைத்தாள். புகையிலைக் கிடங்கில் நெவெனாவின் தம்பி லாசர் சிரித்தான்.

அவன் மனைவி கேரா வானொலி நிலையத்து வாசலுக்கே ஓடிவந்துவிட்டாள்.

"அண்ணி, உங்க தம்பிய தூக்கிட்டுப் போயிட்டாங்க! பெட்டியில அந்த எழவுப் பாட்டு ஓடிச்சாம், இவரு வாய்விட்டுச் சிரிச்சாராம்."

"ஏதாவது சொன்னானா?"

"சொல்லல. சிரிப்புதான். அதுவே போதாதா அண்ணி? தலைவர் செத்தாருன்னு சிரிச்சவன் கதி என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அக்கா தம்பி இருவருடைய அப்பா அதைவிடச் சின்னக் குற்றத்துக்குக் கல்லுடைக்கும் முகாமுக்குப் போனவர். உடம்புகூடத் திரும்பி வரவில்லை. இப்போது நெவெனா தன் கையால் மாட்டிய நாடாவுக்குத் தம்பியும் போவான். அவன் சிரித்ததை யாரும் அழிக்க முடியாது. ஆனால் அது சாவு இசை இல்லையென்று அவனுக்கு முன்பே தெரியும் என்று ஆகிவிட்டால்? அப்புறம் அது வெறும் சிரிப்புதானே! பழி தன் தலையோடு போகட்டும் என்று முடிவுகட்டினாள். யாரும் கூப்பிடாமலே விசாரணை அலுவலகத்துக்குப் போனாள்.

கேப்டன் மினெவ் மரியாதையாக நாற்காலியைக் காட்டினார், தேநீர்கூட வரவழைத்தார்.

"தோழரே, தப்பு என்னோடது," என்றாள். "இன்னிக்கு எங்கம்மா செத்த நாள். கல்லறையில கோதுமை அவிச்சு வெக்கணும். போனா மதச் சடங்கு செய்யறான்னு யாராவது பாத்துருவாங்களோன்னு பயம். அதான் அவளுக்குப் பிடிச்ச அந்த இசையையாவது காலையில போடறேன்னு தம்பிகிட்ட நேத்தே சொல்லிட்டேன். சொன்ன மாதிரியே அக்கா போட்டுட்டாளேன்னு சிரிச்சிருக்கான், பைத்தியக்காரன்."

"நாடா அறுந்துபோச்சுன்னு உங்க நிலையத்துல சொல்றாங்களே?"

"நான்தான் அறுத்தேன்."

மினெவ் நிதானமாக எழுதினார், வாசித்துக் காட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். வேலை போகும், இரண்டு மூன்று வருடம் சிறை. போகட்டும், அவன் வீட்டுக்குப் போனால் போதும்.

"ரொம்ப நன்றி," என்றார் மினெவ். "உங்க தம்பிய இப்பத்தான் விடச் சொல்லியிருந்தேன்."

"என்னது?"

"கிடங்குல வேலை பாக்கற பொம்பளைங்க அத்தனை பேரும் ஒரே பேச்சு. ஒருத்தி வழுக்கி விழுந்தாளாம், அதைப் பாத்துத்தான் சிரிச்சானாம். மிரட்டியும் பாத்தாச்சு, ஒருத்தியும் மாத்திச் சொல்லல. வேற வழியில்லாம விட்டேன். நீங்க வந்தீங்க. நாடாவ அறுக்கப்போறது முன்னாடியே தெரிஞ்சவங்க இப்ப ரெண்டு பேரு. ஒருத்தன் சிரிச்சா சிரிப்பு. ரெண்டு பேரு சேந்தா சதி. அந்தப் பொம்பளைங்களையும் கூப்பிடணும், பொய் சொல்லியிருக்காங்களே."

"நான் சொன்னதுதான் பொய்!" நெவெனா கத்தினாள். "நாடா தானா அறுந்துச்சு! அவனுக்கு ஒண்ணும் தெரியாது! ஐயோ, அந்தத் தாளக் குடுங்க!"

மினெவ் தாளை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

"அவனைத் திரும்ப உள்ளே கூட்டிட்டு வா," என்று காவலாளியிடம் சொன்னார்.

லாசர் வெளியே தாழ்வாரத்தில்தான் நின்றிருந்தான். திருப்பிக் கொடுத்த இடுப்புவாரை மாட்டிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்னைக் கூட்டிட்டுப் போக வந்தியாக்கா?" என்றான்.