இரண்டு கை மாத்திரை

“மாத்திரைய நான்தான் குடுக்கறேன் டாக்டர், எட்டு மணிக்கு—”

“இவ எப்ப குடுத்தா? இருபத்தாறு வருஷமா என் கையாலதான்—”

“நீங்க குளிக்கப் போயிடுவீங்க அண்ணி. அண்ணன் பாவம் காத்துக்கிட்டே இருக்கும்.”

“வந்து பத்து நாள்தான் ஆகுது. அதுக்குள்ள உனக்குத்தான் உங்கண்ணனத் தெரியுமோ?”

“கொஞ்சம் நில்லுங்க” என்றார் டாக்டர். “ரெண்டு பேருமா குடுத்தீங்க? தினமுமா?”

இதயத்தின் ஓட்டத்தைக் குறைக்கிற மாத்திரை அது. ஒரு நாளைக்கு ஒன்றுதான். அண்ணிக்கு மறதி என்று நாத்தனாருக்கு நினைப்பு; வந்த அன்றே அதே மாத்திரையில் தனியாக ஓர் அட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணியின் கணவர், தையல்காரர், படுத்திருந்தார். தொடையில் செருகிய குழாய் வழியாகக் கறுத்த ரத்தம் இயந்திரத்துக்குப் போய், சிவந்து திரும்பிக்கொண்டிருந்தது. மருந்தின் வேகம் இறங்கும்வரை இதயத்தின் வேலையை அது பார்க்குமாம்.

ஒரே துணியில் மனைவிக்கும் தங்கைக்கும் ஒரே மாதிரி தைத்து, ஒரே நேரத்தில் நீட்டுகிற மனுஷர்.

போன வாரம் மனைவி மாத்திரையை நீட்டியபோது, “போட்டாச்சு” என்றார்.

“யார் குடுத்தா?”

அவர் ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினார்.

“ஓஹோ. அவ குடுத்தா இறங்குது, நான் குடுத்தா தொண்டையில நிக்குதாக்கும்?”

சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார். அதற்கப்புறம் ஒருநாளும் ‘போட்டாச்சு’ என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மதியம், மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது, இனி இயந்திரத்தால் பயனில்லை என்றார்கள். நிறுத்தும்போது ஒருவர் உள்ளே இருக்கலாம். நாத்தனார் செருப்பைத் தேடிக் காலை நுழைப்பதற்குள் இவள் கதவைத் தாண்டியிருந்தாள்.

ஊசி குத்திக் காய்த்த விரலைப் பிடித்துக்கொண்டாள். இரைச்சல் நின்றது. குழாயில் ஓடியது அப்படியே நின்றது. தனக்கே தனக்கென்று கிடைத்த நாலு நிமிஷம்.

வெளியே வந்தபோது நாத்தனார் அதே நாற்காலியில், ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்து, அண்ணிக்கு இடம் விட்டாள்.

இவள் உட்கார்ந்தாள்.

“அண்ணி, ஏற்கெனவே போட்டாச்சுன்னு அண்ணன் உங்ககிட்ட ஒரு வார்த்தைகூடவா சொல்லல?”