குறைத்த நாற்பது கிரெயின்

என் துப்பாக்கிக்கு நூறு கிரெயின் எடை வெடிமருந்து போட வேண்டும். நான் அறுபதுதான் போட்டேன். குறைத்த நாற்பதுக்கு ஊருக்கெல்லாம் நான் சொன்ன காரணம் மார்க்கம். நிஜக் காரணம் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மென்று முழுங்கியதில்தான் என் மைத்துனன் ஹாமித் மவுத்தாகிப் போனான்.

என் பெயர் நசுருதீன். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வீடு, பக்கத்து ஊர் மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு வேலை. மாத்திரையில் ஒரு மில்லிகிராம் கூடினாலும் குறைந்தாலும் மொத்த பேட்சையும் குப்பையில் போடச் சொல்கிற ஆள். ஹாமித் என் மனைவி சுலைகாவின் தம்பி, அக்காவை லாத்தா என்று கூப்பிடுகிறவன். இரண்டு எக்ஸிட் தள்ளி அவன் வீடு. கேஸ் ஸ்டேஷன் வைத்திருந்தான். என்னை வேட்டைக்கு இழுத்துவிட்டவன் அவன்தான்.

நியூ ஜெர்சியில் குளிர்காலத்தில் மானுக்கு மஸில்லோடர் சீசன் என்று ஒன்று வரும். மஸில்லோடர் என்றால் தோட்டாவைத் திணித்து வரிசையாகச் சுடுகிற சாமான் இல்லை. குழாயின் வாய்வழியாக மருந்தைக் கொட்டி, மேலே குண்டை வைத்து, கம்பியால் அடிவரை இறக்கி, பின்பக்கம் தீப்பொறி தருகிற ஒரு கேப் வைக்க வேண்டும். ஒரே ஒரு குண்டு. தப்பினால் மறுபடி அடைப்பதற்குள் மான் அடுத்த டவுன்ஷிப்புக்குப் போய்விடும்.

முதல் இரண்டு வருஷமும் எனக்கு எல்லாருக்கும் முந்தி மான் கிடைத்தது. பள்ளிவாசல் விருந்தில் சுலைகா மான்கறி கோலா உருண்டை போட்டாள். என்னை ‘வேட்டைக்கார பாய்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆபீஸில் பதினெட்டு வருஷமாக என்னை ‘நாஸ்’ என்று பாதியாக நறுக்கிக் கூப்பிடுகிறார்கள். இந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதைக் காப்பாற்றத்தான் இத்தனையும்.

2006 அக்டோபரில் பேராசைப்பட்டு முந்நூற்று எண்பத்தைந்து கிரெயின் ஈயக் குண்டு வாங்கினேன். எலும்பை உடைத்துக்கொண்டு போகும் என்றான் கடைக்காரன். என் எலும்பைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. குண்டு கனக்கக் கனக்க, மருந்து கூடக் கூட, துப்பாக்கி உதைக்கும். கட்டையைத் தோள் குழியில் அழுத்திப் பிடிக்காமல், சுட்டுப் பழகுகிற ரேஞ்சில் மேஜையில் உட்கார்ந்தபடி சுட்டேன். விட்டது ஓர் உதை. குறி பார்க்கிற ஸ்கோப் புருவத்தைக் கிழித்தது, தோள் மூன்று வாரம் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. டாக்டர் தசை கொஞ்சம் கிழிந்திருக்கிறது என்றார்.

தோள் ஆறிவிட்டது. கண்தான் ஆறவில்லை. அதற்குப் பிறகு விசையில் விரலை வைத்தாலே என் இரண்டு கண்ணும் தானாக மூடிக்கொள்ளும், குழாய் கீழே குனியும். நாற்பத்தொன்பது வயது ஆம்பளை, உதைக்குப் பயப்படுகிறான். யாரிடம் போய்ச் சொல்வது?

மருந்தை எண்பதாக்கினேன், எழுபதாக்கினேன். அறுபதில் உதை, குழந்தை தள்ளுகிற மாதிரி இருந்தது. கன ஈயத்தை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் உட்காரும் சின்னக் குண்டுக்கு மாறினேன். ஆனால் அது வேகத்தில் போய் உடம்புக்குள் விரிய வேண்டிய குண்டு. மெதுவாகப் போனால் விரியாது, ஊசி மாதிரி குத்திக்கொண்டு மறுபக்கம் போய்விடும். மான் அங்கேயே சாகாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் குறையைத்தான் நான் புண்ணியமாக்கினேன்.

ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் இமாம் ஹஸ்ரத்தைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தோம். பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டால் ஹலாலுக்கு அதுவே போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், உயிர் இருக்கும்போது அறுத்தால்தான் ஆகும் என்பவர்களும் இருக்கிறார்கள், சிரமம் வேண்டாம் என்றார் ஹஸ்ரத். நான் தொண்டையைச் செருமினேன்.

“நான் பேணுதலா இருக்கலாம்னு பாக்குறேன் ஹஸ்ரத். பவுடரைக் கொறச்சு, லைட்டான புல்லட் போட்டுக்கறேன். மான் உயிரோட விழும். நம்ம கையால அறுத்துடலாம்.”

மாஷா அல்லாஹ் என்றார்கள். நாலைந்து பேர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பின்னால் நின்ற ஹாமித் மட்டும் சிரித்தான்.

“என்ன மச்சான், மருந்து கம்பெனிக்காரர் டோஸைக் கொறச்சிட்டீங்க?”

அடுத்த வாரம் ரேஞ்சுக்குக் கூட வந்தான். அவனே அடைத்து என் கையில் துப்பாக்கியைக் கொடுத்தான். குறி பார்த்து விசையை இழுத்தேன். ‘டிக்’ என்றது, வெடிக்கவில்லை. வெடிக்காத துப்பாக்கிக்கே என் கண் மூடியிருந்தது, குழாய் ஒரு சாண் கீழே போயிருந்தது. “சாரி மச்சான், கேப் வைக்க மறந்துட்டேன்” என்று வாங்கிக்கொண்டான். அவன் கவனிக்கவில்லை, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

2007 ஜனவரி முழுக்க வெயிலடித்தது. பிப்ரவரி பிறந்ததும்தான் குளிர் பிடித்தது. அந்த முதல் சனிக்கிழமை காலை, மேற்கே முக்கால் மணி நேரம் தள்ளி ஒரு சோயா பண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். பண்ணைக்காரர் ஹாமிதின் வாடிக்கையாளர். வயலுக்கு அந்தப் பக்கம் ஒரு குளம், மேலே புதிதாக உறைந்த ஐஸ்.

எட்டரை மணிக்கு ஒரு பெட்டை மான் வந்தது. எழுபது கஜம். பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர் என்று வாயில் சொன்னேன், கண்ணை மூடிக்கொண்டேன், இழுத்தேன். புகை விலகியபோது மான் முதுகை வளைத்துக்கொண்டு குளத்துப் பக்கம் ஓடியது. வயிற்றில் பட்டிருந்தது.

வயிற்றில் பட்ட மானை உடனே துரத்தக் கூடாது. விட்டுவிட்டால் கொஞ்ச தூரத்தில் படுத்துக்கொள்ளும், சில மணி நேரத்தில் அடங்கும், பிறகு போய் எடுக்கலாம். வேட்டைக்காரர்கள் எல்லாருக்கும் இது பாலபாடம். ஹாமித் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“வெயிட் பண்ணலாமா மச்சான்? ஒண்ணும் அவசரம் இல்ல. நம்ம ரெண்டு பேருதான் இருக்கோம்.”

நம்ம ரெண்டு பேருதான் இருக்கோம் என்று எதற்குச் சொன்னான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அவன் ஒரு கதவைத் திறந்து வைத்தான். நான் நுழையவில்லை.

“உயிர் போறதுக்குள்ள அறுக்கணும்டா” என்றேன்.

குளத்தில் கரையிலிருந்து இருபது அடியில் மான் சறுக்கி விழுந்து கிடந்தது. எழுந்திருக்கப் பார்த்து மறுபடி விழுந்தது. ஹாமித் பூட்ஸால் ஐஸை மிதித்துப் பார்த்தான். தாங்கும் என்றான். நீங்க கனமான ஆள், நீங்க வேணாம் என்றான். சுட்டவன் நான், போக வேண்டியவன் நான். நின்றுகொண்டேன்.

பாதித் தூரம் நடந்தான், மிச்சத்தை மண்டிபோட்டுத் தவழ்ந்தான். மானின் தாடையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: “மச்சான், கிப்லா எந்தப் பக்கம்?”

நான் மக்கா இருக்கும் திசைக்கு, வடகிழக்கே கையைக் காட்டினேன். மானின் தலையை அந்தப் பக்கம் திருப்பினான். பிஸ்மில்லாஹ் சொன்னது எனக்குக் கேட்டது. கத்தி போனது தெரிந்தது. கழுத்து அறுபட்ட எந்தப் பிராணியும் கடைசியில் உதைக்கும். அந்த மானும் உதைத்தது. அந்த உதையில் ஐஸ் உடைந்தது. துப்பாக்கியின் உதைக்குப் பயந்து நான் ஒதுங்கினேன். என் மைத்துனன் மானின் உதையில் போனான்.

துப்பாக்கியை நீட்டிக்கொண்டு ஓடினேன். கரையோரத்திலேயே எனக்குக் கீழே ஐஸ் உடைந்து முழங்கால்வரை சேற்றில் புதைந்தேன். “வராதீங்க மச்சான்” என்றான். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். கோட்டும் பூட்ஸும் தண்ணீர் குடித்து அவனை இழுத்தன. இரண்டு தடவை தலை மேலே வந்தது. 911-க்குப் பேசி, தீயணைப்புக்காரர்கள் வந்தபோது பத்தொன்பது நிமிஷம் ஆகியிருந்தது.

ஜனாஸாவுக்கு முந்நூறு பேர் வந்தார்கள். ஹலாலைப் பேணுவதற்காக உயிரைக் கொடுத்தவர் என்று ஹஸ்ரத் அழுதுகொண்டே சொன்னார். வந்தவர்கள் என்னைக் கட்டிப்பிடித்து, உங்கள் பேணுதலைப் பார்த்துத்தான் அவருக்கும் அந்த எண்ணம் வந்தது என்றார்கள். ஒவ்வொரு கைக்கும் என் கையைக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு நானே அருவருப்பாக இருந்தேன். இன்றைக்கும் அப்படித்தான்.

மானையும் தூக்கியிருந்தார்கள். பண்ணைக்காரர் நல்ல மனுஷன். அதைத் துண்டு போட்டு, வெள்ளைக் காகிதத்தில் கட்டி, ஹாமிதின் மனைவி தஹ்ஸீன் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். அவள் அதை ஃப்ரீஸரில் வைத்தாள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு அதைத்தான் ஆக்க வேண்டும் என்று சுலைகாவிடம் சொல்லி அனுப்பினாள். அவர் கையால் அறுத்த கறி, வந்தவர்கள் எல்லாரும் ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்றாள்.

நாற்பதாம் நாள் மத்தியானம் ஹாமிதின் அடுப்படியில் சுலைகா தனியாக உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அந்தக் கறியை என் வாயில் வைப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது கிரெயின், கண் மூடியது, பேணுதல் என்றது, காத்திருக்கலாமா என்று அவன் கேட்டது. அவள் அரிவதை நிறுத்தவில்லை.

“தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“கார் டிரங்கைச் சாத்துனாலே கண்ணை மூடுறீங்க. குக்கர் விசிலுக்குத் தூக்கிப் போடுது உங்களுக்கு. கூட குடும்பம் நடத்துறவளுக்குத் தெரியாதா? நான்தான் ஹாமித்கிட்ட சொன்னேன், மச்சான் பயந்துபோய் இருக்காரு, என்னன்னு பாருடான்னு. ரேஞ்ச்ல கேப் வைக்காம குடுத்தான்ல, மறந்துபோய் இல்ல. வேணும்னேதான் குடுத்தான். வந்து என்கிட்ட சொன்னான், லாத்தா, ஆமா, பயம்தான்னு.”

அடுப்பில் எண்ணெய் புகைந்தது.

“அப்ப ஏன் யாரும் என்கிட்ட கேக்கல?”

“எப்படிக் கேக்குறது? பள்ளில அத்தனை பேர் முன்னாடி பேணுதல்னு சொல்லிட்டு வந்துட்டீங்க. பேர் கெட்டுப் போயிடுமேன்னு நான்தான் அவன்கிட்ட சொன்னேன். காட்டிக்காத, கூடவே போ, மான் விழுந்ததும் நீ ஓடிப்போய் உயிரோட அறுத்துடு, மச்சான் சொன்னது சொன்னபடி ஆயிடும்னு.”

அரிவாள்மணையை விட்டு எழுந்து வெங்காயத்தை எண்ணெயில் போட்டாள். கண் நிறைந்திருந்தது. வெங்காயம் என்று இரண்டு பேரும் வைத்துக்கொண்டோம்.

“தஹ்ஸீன்கிட்ட சொல்லிடாதீங்க” என்றாள். “அவ கையில மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்.”

தஹ்ஸீன் இத்தாவில் இருந்தாள், கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்கிற காலம். அந்த நாட்களில் வெளி ஆண்கள் கண்ணில் படக் கூடாது. மாடியறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. ஓதி முடித்து, சாப்பாடு இறங்குவதற்கு முன் நான் படிக்கட்டில் நின்றபோது கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள், அண்ணன் என்ற முறையில்.

“காக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நாப்பது நாளா கேக்கணும்னு இருக்கேன்.”

“கேளும்மா.”

கீழே சஹன் தட்டுகளைப் பரப்பும் சத்தம் கேட்டது. மான்கறி வாசனை படியேறி வந்தது. சுலைகா அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவர் அறுக்கும்போது அதுக்கு உயிர் இருந்துச்சுல்ல?”

பேணுதல் என்று வாய் திறந்த நாளிலிருந்து அவளுக்கு நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

“இருந்துச்சும்மா” என்றேன். “நல்லா உதைச்சுது.”