துரை சாப்பிட்டாரா

"ஓணானுக்கும் லைட்டுக்கும் நடுவுல கண்ணாடி கிண்ணாடி வச்சிருக்கீங்களா?" என்று செல்லப்பிராணிக் கடைக்காரம்மா கேட்டதும் பெரியவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"ஆமா. நானே அளவெடுத்து வெட்டிப் போட்டேன். பல்பு வெடிச்சாக்கூட அதுமேல ஒரு தூள் விழாது. நான் எலெக்ட்ரீஷியன்மா."

"அதான் வினை. வெயில்ல இருக்கற சத்தைக் கண்ணாடி தடுத்துடும். உங்க லைட்டுல அந்தச் சத்தும் கெடையாது, சூடும் கெடையாது. சூடு இல்லன்னா அதுக்குச் செரிக்காது, செரிக்கலன்னா வாயே தொறக்காது. சூட்டுக்கு ஒண்ணு, வெயிலுக்கு ஒண்ணு, ரெண்டு வேணும்."

"ஹால் பூரா பளீர்னு அடிக்குதேம்மா!"

"உங்க கண்ணுக்குப் பளீர்னு இருக்கு. அது குளிர்ல நடுங்கிக்கிட்டு கெடக்கு."

ஊருக்கெல்லாம் விளக்குப் போட்டவருக்குச் சுருக்கென்றது. ஆனால் வாயாடிக்கொண்டு நிற்க நேரமில்லை. மகள் வேறு போனில் விடாமல் அழைத்துக்கொண்டிருந்தாள். குழல் விளக்கையும் சூட்டு பல்பையும் வாங்கிக்கொண்டு வண்டியை விரட்டினார்.

ஓணான் அவர் மனைவியினுடையது. பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவள் அவள். ஆய்வகத்தை மூடியபோது யாரும் சீண்டாத அந்தப் பிராணியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். விளக்கடியில் அது சாய்ந்து கிடக்கும் தோரணையைப் பார்த்து, துரை என்று பேர் வைத்தவர் இவர். "துரைக்குக் கரண்ட் பில்லு நான் கட்டறேன், எனக்கு ஒரு வாய் காப்பி போட இந்த வீட்டுல ஆளில்ல" என்று புலம்புவார். அவள் சிரிப்பாளே தவிர எழுந்திருக்க மாட்டாள்.

அவள் படுத்த படுக்கையானதும் துரை இவர் தலையில் விழுந்தது. வெளிச்சத்தில் அவள் கண் கூசியதால் துரையின் பெட்டியை அவள் அறையிலிருந்து ஹாலுக்கு மாற்றினார். பழைய விளக்குகள் போனதும், கரண்ட் குறைவாக இழுக்கும் புது விளக்கைப் போட்டு, அடியில் கண்ணாடியும் பொருத்தினார். அத்தோடு துரை சாப்பாட்டை நிறுத்திவிட்டது.

அவளும் நிறுத்தினாள். சூப்புக் கிண்ணத்தோடு போனால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். ஒருநாள், "துரை சாப்ட்டாரா?" என்று கேட்டாள்.

"ஓ! ரெண்டு வெட்டுக்கிளி. அப்படியே உள்ள தள்ளிட்டாரு" என்று அவர் வாய்க்கு வந்ததை அளந்தார்.

"அப்ப எனக்கும் ஒரு வாய் குடுங்க."

அன்றிலிருந்து அதுதான் ஏற்பாடு. துரை சாப்பிட்டால் அவள் சாப்பிடுவாள். அவர் கூசாமல் புளுகினார். புளுகுக்கு ஒரு வாய் சூப்பு உள்ளே போயிற்று. நேற்றைக்கு அதுவும் பலிக்கவில்லை. வந்து பார்த்த நர்ஸ், "இனிமே வற்புறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது அவர் காதில் ஏறவே இல்லை. துரை உண்மையாகவே சாப்பிட்டுவிட்டால் அவளும் வாயைத் திறப்பாள் என்று ஒரு கிறுக்கு நம்பிக்கை. நம்பிக்கை என்ன நம்பிக்கை, பயம்தான்.

வீட்டு வாசலிலேயே மகள் மறித்தாள். "எங்கப்பா போனீங்க? அம்மாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இருக்கு. வந்து பக்கத்துல உக்காருங்க."

"பெட்டியை உள்ள கொண்டு போகணும். ஒரு பக்கம் பிடி."

"இப்பவாப்பா?"

"பிடிம்மா."

கட்டிலை ஒட்டி மேசை போட்டுப் பெட்டியை வைத்தார்கள். கண்ணாடியைக் கழற்றி எறிந்தார். விளக்கு அட்டையில் அச்சிட்டிருந்ததை, வாழ்நாளில் முதல் முறையாக, ஒரு வரி விடாமல் படித்து அதன்படி மாட்டினார். "கண்ணு கூசுதா?" என்று கேட்டார். அவள் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. இமை அசையவில்லை. மூச்சு மட்டும் விட்டுவிட்டு வந்தது.

துரை நெடுநேரம் கல்லாகக் கிடந்தது. கறுத்திருந்த முதுகு மெல்ல மணல் நிறத்துக்கு வந்தது. அவர் ஒரு கையால் மனைவியின் கையைப் பிடித்தபடி, மறுகையில் இடுக்கியால் வெட்டுக்கிளியை நீட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்பா, இந்தப் பக்கம் திரும்புங்களேன்" என்றாள் மகள்.

"இதோ" என்றார். திரும்பவில்லை.

மதியம் தாண்டியிருக்கும். துரை தலையைத் தூக்கி ஒரு கண்ணால் பார்த்தது. லபக்கென்று கவ்வி விழுங்கியது.

"சாப்ட்டாரு!" என்று கத்தியே விட்டார். கிண்ணத்தை எடுத்து ஸ்பூனை அவள் உதட்டருகே கொண்டுபோனார். "இந்தாடி, துரை சாப்ட்டாரு. ஒரு வாய் வாங்கிக்க."

உதடு திறக்கவில்லை.

"சத்தியமா சாப்ட்டாருடி. இந்தத் தடவை நெஜமாவே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. மகள் அம்மாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த ஸ்பூனை மெதுவாக வாங்கினாள்.

"அம்மா போயிட்டாங்கப்பா."

முகவாயில் வழிந்திருந்த சூப்பை அவர் துண்டால் துடைத்தார். துடைக்கத் துடைக்க அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

பின்னால் பெட்டியில் ஏதோ பிறாண்டியது. திரும்பினார். துரை இரண்டு முன்கால்களையும் விளிம்பில் ஊன்றி எழுந்து நின்று, அடுத்ததற்காக வாயைத் திறந்து வைத்திருந்தது.