ரோதைமுனிக்கு எந்தக் கட்டம்?

பிரேமினி இலங்கை மலையகத்தில் பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் இறுதியாண்டு. அவளுடைய ஆய்வுப் படிவத்தில் ஒரே ஒரு கேள்வி: “கஷ்டம் வந்தால் எதை நம்புவீர்கள்? அறிவியலா, சமயமா? ஒன்றில் மட்டும் கோடிடவும்.” இரண்டிலும் கோடிட்டால் படிவம் செல்லாது. திங்கட்கிழமை ஆய்வை ஒப்படைக்காவிட்டால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். இதுவரை வந்த முப்பத்தொன்பது படிவங்களிலும் தோட்டத்துச் சனம் இரண்டு கட்டத்திலும் அழகாகக் கோடு போட்டிருந்தது.

கடைசிப் படிவத்தோடு தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனாள். மெக்கானிக் அழகன் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன், டிப்ளோமாக்காரன். அவனாவது ஒன்றில் மட்டும் கோடிடுவான் என்று நம்பினாள்.

“வாங்க கேம்பஸ் மேடம்! செத்த நில்லுங்க, முனிக்குச் சூடம் காட்டிட்டு வர்றேன்.”

வாடிய கொழுந்தைச் சுற்றிச் சுற்றிக் கசக்குவது ரோலர். கசங்கிச் சாறு வெளியே வந்து காற்றுப் பட்டால்தான் தேயிலைக்கு நிறமும் மணமும். அன்று அதற்குப் புதுப் பெல்ட். சுவரோரம் குங்குமம் பூசிய சூலம். அதுதான் ரோதைமுனி, சக்கரங்களைக் காக்கும் சாமி. சூடத்தட்டை எல்லோரும் தொட்டுக் கும்பிட்ட பிறகே மெசின் ஓடும்.

அன்று வேலைக்கு வந்த எட்டுப் பேரில் ஏழு பேர்தான் தொட்டார்கள்.

“லோஜன் அண்ணே எங்க?” கூட வேலை செய்யும் நாகலெட்சுமி போட்ட சத்தத்தில், ரோலருக்கடியில் சிந்திய கொழுந்தைக் கூட்டிக்கொண்டிருந்த லோஜன் தொப்பையும் விளக்குமாறுமாகத் தவழ்ந்து வந்தார்.

பிரேமினி துள்ளினாள். “பாத்தியா! ஆளு மாட்டிக்காம இருக்கத்தான் இந்தப் பூசையே. அப்ப இது அறிவியல். போடு கோட்டை!”

அழகன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினான். “ஆளு மாட்டிக்காம இருக்க மெயின் சுவிட்சையே பூட்டி வச்சிருக்கேன். பூசை சாமிக்கு.”

“அப்ப சமயத்துல போடு.”

“போட்டுட்டா? பெல்ட்ட முனியா வந்து மாட்டுவாரு?”

“சரி, லோஜன் அண்ணன வெளிய கொண்டாந்தது எது?”

“நாகலெட்சுமியோட தொண்டை,” என்றார் லோஜன்.

எல்லோரும் சிரிக்க, அழகன் இரண்டு கட்டத்திலும் கோடு போட்டுக் கொடுத்தான். நாற்பதும் போச்சு. பிரேமினி வெளியே போய் விரிவுரையாளருக்குத் தொலைபேசினாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். இரண்டும் ஒன்றையொன்று விரட்டும் என்பது படிவம் எழுதியவளின் நம்பிக்கை, நாற்பது பேரும் அதை ஏற்கவில்லை, அதையே ஆய்வாக எழுதலாம் என்றார். ஆனால் எதற்கு எப்போது போகிறார்கள் என்று பத்துப் பேரிடமாவது கேட்டுக்கொண்டு வரவேண்டும். திங்கட்கிழமையில் மாற்றமில்லை.

பிரேமினி படிவத்தைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு நாகலெட்சுமியிடம் போனாள். உள்ளே ரோலர் ஓடத் தொடங்கியிருந்தது.

“அக்கா, எந்தக் கஷ்டத்துக்கு எங்க போவீங்க? மொதல்ல எங்க, பொறகு எங்க?”

“அப்படிக் கேளு!” நாகலெட்சுமி சாக்கின்மேல் வசதியாக உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி மாத்திரையை மாரியம்மன் விபூதியோடு விழுங்கிய மூத்தவனின் காய்ச்சலிலிருந்து ஆரம்பித்தாள். நான்கு தாள் நிறைந்தபோது, காய்ச்சல் இன்னும் இறங்கியிருக்கவில்லை.