இரண்டாவது கூப்பாடு

கமாண்டர் கந்தப்பனுக்கு ஊரே திரண்டு மாலை போட்டது. நோர்வூட் டவுனிலிருந்து தேயிலைத் தோட்டம் வரைக்கும் தப்பு அடித்து, வெடி கொளுத்திக் கூட்டிவந்தார்கள். கடற்படையில் இருபத்தெட்டு வருடம், சண்டைக் காலத்தில் வாங்கிய வீரப் பதக்கம். லயத்து வரிசைவீட்டில் பிறந்த பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? அவருக்கோ ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. அப்பா வாயால் தன் பெயரைக் கேட்க வேண்டும்.

அப்பா சின்னராசா அந்தத் தோட்டத்துப் பழைய கங்காணி. பொல்லாத பிடிவாதக்காரர். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவர் வேலை. மற்றக் கங்காணிகள் ஒரு தடவை கூப்பிடுவார்கள், பதில் வராவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். இவர் இரண்டாவது தடவையும் கூப்பிடுவார். அப்போதும் சத்தமில்லை என்றால் அந்த ஆளின் லயத்துக்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவார். அதுவரை மொத்தப் பேரும் மழையில் நிற்க வேண்டியதுதான். எத்தனை பேர் வாய்க்குள்ளேயே திட்டியிருப்பார்கள்!

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த நாளில் கந்தப்பன் பெயரும் பெரட்டில் இருந்தது. ஒருநாள் காலை அப்பா கூப்பிட்டார். பதிலில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. லயத்துக்கு ஓடிப் பார்த்தால் தலையணைமேல் ஒரு கடிதம்: நேவிக்குப் போகிறேன். சண்டை உச்சத்தில் இருந்த வருடம் அது. கேட்டால் விடமாட்டார் என்று சொல்லாமலே கிளம்பிவிட்டான், பாவி! அன்றிலிருந்து சின்னராசா அந்தப் பெயரை எடுப்பதே இல்லை. லீவில் வந்தாலும், "ராசம்மா, ஒன் மகனுக்குச் சோத்தப் போடு" என்பதோடு சரி.

விழா அதே பெரட்டுக்களத்தில்தான். மனைவி ராசம்மா இழுத்த இழுப்பில் சின்னராசா வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

கந்தப்பனோடு கடலில் இருந்த விமலசேன மைக்கைப் பிடித்தார். அரைகுறைத் தமிழ்தான், ஆனாலும் வெளுத்து வாங்கினார்.

"காலையில ஆறு மணி. நம்ம படகுல குண்டு பட்டிச்சு. எல்லாரும் தண்ணியில. ஒரே பொக, ஒண்ணும் தெரியாது. கந்தப்பன் சேர் ஒவ்வொரு பேரா கூப்பிட்டாரு. பதிமூணு பேர் சத்தம் குடுத்தாங்க. ஒருத்தன் குடுக்கல. ரெண்டாவது தடவயும் கூப்பிட்டாரு. அப்பவும் இல்ல. வேற படகு வந்து, ஏறுங்க ஏறுங்கன்னு கத்துறாங்க. சேர் ஏறல. 'எங்கப்பா போய்ப் பாக்காம பெரட்ட முடிக்க மாட்டாரு'ன்னு சொல்லிட்டு, நெருப்புப் பக்கமா நீந்திப் போனாராம். பொறவு பசங்க சொல்லித்தான் எனக்கே தெரியும். அங்க மயங்கிக் கெடந்தது நான்தானே!"

கந்தப்பன் கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னராசா எழுந்தார். தோள் துண்டைச் சரிசெய்தார். மலையே கேட்கும் அந்தப் பழைய குரல் அப்படியே வந்தது.

"கந்தப்பன்!"

கமாண்டருக்குப் பேச்சே வரவில்லை. ஐயோ, இத்தனை வருடம் காத்திருந்துவிட்டு இப்போதா!

கிழவர் விடுவாரா? இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்.

"அடேய், கந்தப்பன்!"

"வந்துட்டேங்கப்பா!"

மேடையிலிருந்து குதித்து, மாலைகள் உதிர உதிர ஓடினார் கந்தப்பன். சின்னராசா மகனின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். அழுகையும் சிரிப்புமாகக் கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஆளு வந்தாச்சு! பெரட்டு முடிஞ்சிச்சு, எல்லாரும் சாப்பிடப் போங்க!"